ஒலிவாங்கியின் முன் ஒரு கவிஞன்: நூர்டால் கிரீக்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் நூர்டால் கிரீக். 1902இல் நோர்வேயின் பேர்கன் நகரில் பிறந்து, 1943 டிசம்பரில் பெர்லின் வானில் இறந்தவர். கவிஞர், நாவலாசிரியர், நாடகாசிரியர் என்று இலக்கிய வரலாறுகள் இவரை அறிமுகப்படுத்தும். அந்த வரிசையில் கடைசியாகச் சொல்லப்படும் இரண்டு வேலைகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. இளமை முழுக்க இவர் ஊர் ஊராகப் போய் எழுதிய செய்தியாளர். வாழ்வின் கடைசி மூன்றரை ஆண்டுகளில் வானொலியில் பேசியவர். இந்த இரண்டையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நோர்வேயில் வாழும் தமிழர்கள் இவருடைய பெயரை அறியாவிட்டாலும் இவருடைய ஒரு பாட்டைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். 2011 ஜூலை 22ஆம் திகதி ஒஸ்லோவிலும் உத்தேயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் 69 பேர் தீவில் இறந்தவர்கள், பெரும்பாலும் இளையவர்கள். அன்று அந்தத் தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே வந்த கம்ஷாஜினி குணரத்தினம். பின்னாளில் ஒஸ்லோவின் துணை மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அந்த வாரத்தில் ரோஜாப் பூக்களோடு தெருக்களில் கூடிய மக்களும், தேவாலயங்களில் கூடியவர்களும் மீண்டும் மீண்டும் பாடியது ‘இளையோருக்கு’ என்ற பாட்டு. கிரீக் அதைக் கவிதையாக எழுதியது 1936இல், ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்ட வருடம். ஒட்டோ மோர்ட்டன்சன் என்ற டேனிஷ் இசையமைப்பாளர் 1952இல் அதற்கு மெட்டமைத்தார். கடவுளின் பெயரே வராத அந்தப் பாட்டு 2013இல் வந்த நோர்வேத் திருச்சபைப் பாடல் நூலிலும் சேர்ந்துவிட்டது.

தேவாலயத்தில் பாடப்படும் இந்தப் பாட்டை எழுதியவர், சோவியத் நண்பர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஸ்டாலினின் மாஸ்கோ வழக்குகள் நியாயமானவை என்று வாதாடியவர். பாட்டை வைத்துக்கொண்டு ஆளை மறந்துவிடுவது எளிது. ஆளைச் சொல்லிப் பாட்டைத் தள்ளிவிடுவதும் எளிது. இரண்டுமே எனக்கு உவப்பில்லை. அதனால்தான் அவர் எங்கெங்கே போனார், போன இடத்தில் எதைப் பார்த்தார் என்று வரிசையாகப் பார்க்க விரும்புகிறேன்.

கிரீக்கின் தந்தை ஆசிரியர். இசையமைப்பாளர் எட்வார்ட் கிரீக்கின் தூரத்து உறவுக் குடும்பம். பேர்கன் கப்பல்களின் ஊர். பதினெட்டு வயதில் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, பையன் ஒரு சரக்குக் கப்பலில் சாதாரண மாலுமியாக ஏறிவிட்டான். கப்பலின் பெயர் ‘ஹென்றிக் இப்சன்’. நான் கற்பனை செய்து சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் பெயர். ஆபிரிக்காவைச் சுற்றி அவுஸ்திரேலியா வரை போய்த் திரும்பினார். அந்தப் பயணத்திலிருந்து 1922இல் ஒரு கவிதைத் தொகுதியும், 1924இல் ‘கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது’ என்ற நாவலும் வந்தன. கடல், வீரம், வெள்ளைப் பாய் என்றே பாடிப் பழகிய நாட்டில், மாலுமிகளின் அறைக்குள் நுழைந்து அங்கிருக்கும் அழுக்கை, தனிமையை, துறைமுகங்களில் தொற்றும் பால்வினை நோயை இவர் எழுதினார். கப்பல் வட்டாரங்களில் பெரும் கோபம். அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்து மயங்கிய ஓர் ஆங்கிலேய இளைஞர், எழுதியவரைத் தேடி 1930இல் கப்பலேறி நோர்வேக்கே வந்தார். அவர் பெயர் மால்கம் லவுரி. ‘எரிமலையின் கீழே’ என்ற பெரும் நாவலைப் பின்னாளில் எழுதப்போகிறவர்.

இடையில் ஒக்ஸ்போர்டின் வாதம் கல்லூரியில் ஒரு வருடம். அங்கே கிப்ளிங்கைப் பற்றி ஆய்வு செய்தார். இங்கிலாந்தின் மீது அவருக்கு இருந்த ஈர்ப்பு 1932இல் ‘இளமையில் இறந்தவர்கள்’ என்ற கட்டுரை நூலாக வந்தது. கீட்ஸ், ஷெல்லி, பைரன், ரூபர்ட் புரூக், சார்ல்ஸ் சோர்லி, வில்பிரட் ஓவன் என்று ஆறு கவிஞர்கள். ஒருவரும் நாற்பதைத் தொடவில்லை. கடைசி மூவரும் முதல் உலகப் போரில் இறந்தவர்கள். எழுதிய கிரீக்குக்கு அப்போது முப்பது வயது.

செய்தியாளர் கிரீக்குக்கு வருகிறேன். 1927இல் சீனாவில் உள்நாட்டுப் போர். ஷங்காயில் சியாங் கை ஷேக்கின் படைகள் கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தினரையும் கொன்று குவித்த வருடம். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத கிரீக் அங்கே போய், அதே வருடத்தில் ‘சீன நாட்கள்’ என்ற நூலை எழுதினார். அவர் எழுதும் முறை இந்தப் பயணத்தில் உருவாகிவிட்டது என்று நினைக்கிறேன். முதலில் இடத்துக்குப் போவது. அங்கே சாதாரண மனிதர்களோடு நிற்பது. பிறகு வேகமாக எழுதுவது. செய்தியா இலக்கியமா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே பயணத்திலிருந்து கட்டுரையும் கவிதையும் நாடகமும் வரும்.

அப்படி வந்த நாடகங்களில் பெரியது 1935இல் பேர்கன் நகரின் நாடக அரங்கில் மேடையேறிய ‘நமது மானமும் நமது பலமும்’. முதல் உலகப் போரில் நோர்வே நடுநிலை நாடு. ஆனால் நோர்வேக் கப்பல்கள் சரக்கு ஏற்றிக்கொண்டே இருந்தன. ஜேர்மன் நீர்மூழ்கிகள் அவற்றை மூழ்கடித்தன. ஏறத்தாழ 2000 மாலுமிகள் இறந்தார்கள். அதே வருடங்களில் கப்பல் முதலாளிகளும் பங்குச்சந்தைக்காரர்களும் கொழுத்தார்கள். கடலில் தெப்பத்தில் சாகிறவர்களையும் கரையில் விருந்து உண்பவர்களையும் மாறி மாறிக் காட்டும் இந்த நாடகம் கப்பல் முதலாளிகளின் சொந்த ஊரிலேயே மேடையேறியது. இரண்டு வருடம் கழித்துப் பாரிஸ் கொம்யூனைப் பற்றி ‘தோல்வி’ என்ற நாடகம். அதற்கு மறுமொழி போலத்தான் பிரெக்ட் பின்னர் ‘கொம்யூனின் நாட்கள்’ நாடகத்தை எழுதினார்.

இந்த இரண்டு நாடகங்களுக்கும் முன்னால் மாஸ்கோ இருக்கிறது. 1932 முடிவிலிருந்து இரண்டு வருடம் கிரீக் அங்கே தங்கி நாடகக் கலையைப் படித்தார். திரும்பி வந்து 1936இல் ‘முன்செல்லும் பாதை’ என்ற இதழைத் தொடங்கினார். பாசிசத்துக்கு எதிராக எழுதுகிறவர்களை ஒரே மேடையில் சேர்ப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதே 1936 ஓகஸ்டில் மாஸ்கோவில் முதல் பெரிய வழக்கு நடந்தது. புரட்சியின் மூத்த தலைவர்கள் கூண்டில் ஏறி, தாங்கள் துரோகிகள் என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். சுடப்பட்டார்கள். எல்லாக் குற்றச்சாட்டுகளுக்கும் மூலவர் என்று காட்டப்பட்ட ட்ரொட்ஸ்கி அந்த நேரம் எங்கே இருந்தார் தெரியுமா? நோர்வேயில். தொழிற்கட்சி அரசு 1935இல் அவருக்கு அடைக்கலம் கொடுத்திருந்தது. வழக்குக்குப் பிறகு வீட்டுக்காவலில் வைத்து, டிசம்பரில் ஓர் எண்ணெய்க் கப்பலில் ஏற்றி மெக்சிக்கோவுக்கு அனுப்பிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 1937 ஜனவரியில் இரண்டாவது வழக்கு. அதில் பியத்தகோவ் என்ற தலைவர் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். 1935 டிசம்பரில் பெர்லினிலிருந்து விமானத்தில் ஒஸ்லோ போய், ட்ரொட்ஸ்கியை ரகசியமாகச் சந்தித்துக் கட்டளை பெற்றேன் என்றார். ஒஸ்லோ நாளிதழ்கள் என்ன செய்தன? நகருக்கு வெளியே இருக்கும் ஷெல்லர் விமானத்தளத்தில் விசாரித்தன. அந்த டிசம்பர் மாதத்தில் அங்கே ஒரு வெளிநாட்டு விமானமும் இறங்கவில்லை என்று தளத்திலிருந்து பதில் வந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கின் பெரிய சாட்சியம் ஒரு சாதாரண நிருபரின் விசாரிப்பில் விழுந்தது. சிகுர்ட் ஹூல் போன்ற நோர்வே எழுத்தாளர்கள் அந்த வழக்குகளைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

கிரீக் கேட்கவில்லை. மாலுமி எப்படி வாழ்கிறான் என்று அறியக் கப்பலேறியவர், சீனாவைச் சீனாவிலேயே போய்ப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் தன் தலைநகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு விமானத்தளத்தின் பதிவேட்டைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய இதழில் வழக்குகளை ஆதரித்தார். 1938இல் எழுதிய நாவலிலும் அந்தப் பக்கமே நின்றார். ஹிட்லருக்கு எதிராக நிற்கக்கூடிய ஒரே நாடு சோவியத்துதான் என்று அவர் நம்பியதால் அப்படிச் செய்தார் என்று சிலர் விளக்குவார்கள். நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு அது விளக்கமாகலாம். செய்தியாளன் விசாரிக்காமல் விட்டதற்கு அது விளக்கமாகாது. எனக்கு இதில் சமாதானம் இல்லை. கிரீக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். முக்கியமாக, கட்சிக்காகவோ இயக்கத்துக்காகவோ எழுதும் எழுத்தாளர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

அந்த இதழ் 1937இல் நின்றுபோனது. அதே வருடம் ஸ்பெயினுக்குப் போய்க் குடியரசுப் படைகளோடு நின்று ‘ஸ்பானியக் கோடை’ எழுதினார். பிறகு போர் நோர்வேக்கே வந்தது.

1940 ஏப்ரல் 9. விடியற்காலையில் ஜேர்மன் கப்பல்கள் நோர்வேத் துறைமுகங்களுக்குள் நுழைகின்றன. மன்னர் ஏழாம் ஹோகோனும் அரசும் ஒஸ்லோவை விட்டு வடக்கே போகிறார்கள். அன்று மாலை, விட்குன் குவிஸ்லிங் ஒஸ்லோ வானொலி நிலையத்துக்குள் போய், ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, இனி நானே பிரதமர் என்று அறிவித்தார். படை இல்லை, நாடாளுமன்றம் இல்லை, ஒரு ஒலிவாங்கி மட்டும். வானொலியின் வழியாக ஆட்சியைப் பிடிக்க நடந்த முதல் முயற்சி என்று இதைச் சொல்வார்கள். பல மொழிகளில் ‘குவிஸ்லிங்’ என்றால் துரோகி என்று பொருள் வந்தது அதற்குப் பிறகுதான். அதே நாளில் இலண்டனிலிருந்து பிபிசி நோர்வே மொழியில் செய்தி வாசிக்கத் தொடங்கியது. அந்த ஒரு நாளிலேயே, யார் நோர்வேயின் குரல் என்ற போட்டி காற்றலையில் தொடங்கிவிட்டது.

ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்துகொண்டிருந்த காலம் அது. மாஸ்கோவைப் பார்த்து நடப்பவர்களுக்குக் குழப்பமான காலம். கிரீக் ஒரு நாளும் காத்திருக்கவில்லை, நோர்வேப் படையில் சேர்ந்துவிட்டார். அவருக்குக் கிடைத்த வேலை ஒரு திரைப்படத்துக்குத் தகும். நோர்வே மத்திய வங்கியின் தங்கம், ஏறத்தாழ 50 டன், ஒஸ்லோவிலிருந்து லில்லஹாமருக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தது. அதை ஜேர்மானியர் கையில் சிக்காமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டும். ரயிலில் ஓன்டால்ஸ்நெஸ், லொறிகளில் மோல்டே, அங்கிருந்து பிரித்தானியப் போர்க்கப்பல்கள், மிச்சத்துக்கு மீன்பிடிப் படகுகள் என்று குண்டுவீச்சுக்கு நடுவே அந்தத் தங்கம் வடக்கே திரொம்சோ வரை போனது. மன்னர் மோல்டேயிலிருந்து ஏறிய கப்பலிலும் அதில் ஒரு பகுதி இருந்தது. அந்தக் காவல் அணியில் ஒருவர் கவிஞர் கிரீக். உடைந்த ஒரு பீப்பாயிலிருந்து காணாமற்போன சில நூறு நாணயங்கள் தவிர எல்லாம் போய்ச் சேர்ந்தது. முதலாளிகளின் பணத்தைத் திட்டி நாடகம் எழுதியவர் நாட்டின் தங்கத்துக்குக் காவல் போனதை அவரே சிரித்துக்கொண்டு நினைத்திருப்பார்.

மே 17 வந்தது. நோர்வேக்காரர்களுக்கு அது அரசியலமைப்பு நாள். 1814இல் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடி அரசியலமைப்பை எழுதிய நாள். பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். பேரணியில் இராணுவ வாகனங்கள் வராத, சின்னப் பிள்ளைகள் நடக்கும் தேசிய நாள். அந்த வருடம் தெற்கு முழுக்க ஆக்கிரமிப்பில். ஐட்ஸ்வோலில் கொடி ஏறவில்லை. வடக்கே திரொம்சோவில் மட்டும் சுதந்திர நோர்வேயின் வானொலி இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. அன்று கிரீக் அதன் ஒலிவாங்கியின் முன் நின்று, அந்த நாளுக்கென்றே எழுதிய கவிதையைத் தன் குரலில் வாசித்தார். கொடியில்லாத அந்தக் கம்பத்தைப் பற்றிய கவிதை. சின்ன நாடு, இறந்தவர்களை ஒவ்வொருவராக அறிந்த நாடு என்பது அதன் உணர்வு. மூன்று வாரத்தில், ஜூன் 7ஆம் திகதி, மன்னரும் அரசும் திரொம்சோவிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்கள். நாடு சரணடைந்தது. கவிதை சரணடையவில்லை என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அப்படிச் சொல்லும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. நடந்தது என்னவென்றால், கேட்டவர்கள் அதை எழுதி வைத்துக்கொண்டார்கள். எழுதியது கைமாறியது.

இலண்டன் வானொலியின் தினசரிக் குரல் கிரீக் அல்ல. அது தொரால்வ் ஓக்ஸ்நேவாட் என்ற பத்திரிகையாளர். ‘இலண்டனிலிருந்து வரும் குரல்’ என்றால் நோர்வேயில் அவர்தான். கிரீக் இடையிடையே வந்து பேசுவார், கவிதை வாசிப்பார். மற்ற நாட்களில் நோர்வே இராணுவச் சீருடையில் கப்பல்களிலும் தளங்களிலும் இருப்பார். ஐஸ்லாந்து, யான் மாயன் தீவு என்று போய்வந்தார். அவர் மனைவி கெர்ட் நடிகை, அவரும் படைமுகாம்களில் நிகழ்ச்சி நடத்தினார். நோர்வேயின் வணிகக் கப்பல்கள் ஏறத்தாழ ஆயிரம் அப்போது நேச நாடுகளுக்காக ஓடிக்கொண்டிருந்தன. 1924இல் யாரைப் பற்றி நாவல் எழுதினாரோ, 1935இல் யாரைப் பற்றி நாடகம் எழுதினாரோ, அதே மாலுமிகளைப் பற்றி இப்போது கவிதை எழுதினார்.

கேட்கிறவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். 1941 இலையுதிர் காலத்தில் ஜேர்மானியர் நோர்வே மக்களின் வானொலிப்பெட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். லட்சக்கணக்கான பெட்டிகள். குவிஸ்லிங்கின் கட்சிக்காரர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒளித்து வைத்தார்கள். விறகடுக்கில், வைக்கோல் பரணில், சுவருக்குப் பின்னால். பிடிபட்டால் சிறை. இலண்டன் செய்தியை எழுதிப் பரப்பினால் 1942இலிருந்து மரண தண்டனை வரை போகலாம். ஆனாலும் தலைமறைவுத் தாள்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. சிலவற்றின் பெயர்களிலேயே ‘இலண்டன்’ இருக்கும். ‘இலண்டன் செய்தி’ என்ற தாளை நடத்தியவர்களில் ஒருவர் பெத்தர் மூஎன். காப்புறுதி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தவர். 1944 பெப்ரவரியில் பிடிபட்டு ஒஸ்லோவின் மொல்லர்காத்தா 19 என்ற சிறையில் அடைக்கப்பட்டார். எழுதுகோல் இல்லாத அந்த அறையில், கழிப்பறைத் தாளில் ஒரு குண்டூசியால் எழுத்து எழுத்தாகக் குத்தி நாட்குறிப்பு எழுதி, காற்றுத் துவாரத்துக்குள் போட்டுவிட்டார். செப்டம்பரில் அவரை ஜேர்மனிக்குக் கொண்டுபோன கப்பல் கண்ணிவெடியில் மூழ்கியது. அவரும் மூழ்கினார். தாள்களைப் போருக்குப் பிறகு தரைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். 1949இல் அந்த நாட்குறிப்பு நூலாக வந்தது. அடி வாங்கியதில் பெயர்களைச் சொல்லிவிட்டேன் என்று தன்னையே தின்னும் மனிதனின் நூல். வீரக் கவிதைகளை வாசிப்பவர்கள் அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இந்த நிலைமையில் வானொலியில் எப்படிப்பட்ட கவிதை பயன்படும்? ஜேர்மானியர் அலைவரிசையைக் குலைப்பார்கள். பாதிச் சொல் கேட்கும், பாதி இரைச்சல். கேட்டதை எழுதி வைத்தால் ஆபத்து. கிரீக் எழுதியது பழைய பாணிக் கவிதை. சந்தம் உண்டு, இயைபு உண்டு. அவருடைய காலத்து நவீனக் கவிஞர்களுக்கு அது பழசு. ஆனால் நம் பெரியவர்கள் எதுகை மோனையை எதற்கு வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஓர் அடி விழுங்கப்பட்டாலும் அடுத்த அடியின் ஓசை அதைப் பிடித்துத் தந்துவிடும். ஏடு இல்லாத இடத்தில் நெஞ்சே ஏடு. கிரீக்கின் போர்க்காலக் கவிதைகளைத் தாளில் வாசிக்கும்போது சில இடங்களில் மேடைப்பேச்சுத் தொனி எனக்கு உறுத்துகிறது. வாய்விட்டு வாசித்தால் அந்த உறுத்தல் பாதி போய்விடும். மங்கிய ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டவனுக்கு மீதியும் போயிருக்கும்.

அதே ஆண்டுகளில் இன்னொரு நோர்வே எழுத்தாளரின் சொற்களும் மக்களிடம் போய்க்கொண்டிருந்தன. க்நுட் ஹாம்சுன். க.நா.சு. தமிழில் தந்த ‘நிலவளம்’ வழியாக நம்மில் பலர் அவரை நேசிக்கிறோம். 1920இல் நோபல் பரிசு பெற்றவர். ஹிட்லரின் முகாமில் அடைபட்டிருந்த ஒசியட்ஸ்கியை 1935இலேயே பத்திரிகையில் தாக்கி எழுதியவர். 1940இல், துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீடு திரும்புங்கள் என்று நோர்வே வீரர்களுக்கு எழுதினார். இதில் ஒரு குடும்பக் கதையும் இருக்கிறது. ஹாம்சுனின் பதிப்பாளர் கில்டெண்டால். அதன் இயக்குநர் ஹரால்ட் கிரீக், நூர்டாலின் அண்ணன். 1941இல் ஹரால்டைக் கைது செய்து கிரினி முகாமில் அடைத்தார்கள். அவருடைய நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்டவர் தூரே ஹாம்சுன், க்நுட் ஹாம்சுனின் மகன். தம்பி இலண்டனில் ஒலிவாங்கியின் முன். அண்ணன் முள்கம்பிக்குள். சிறிய நாட்டின் இலக்கிய உலகம் இவ்வளவு நெருக்கமானது.

1943 டிசம்பர் 2ஆம் திகதி இரவு. பெர்லின் மீது பெரிய குண்டுத் தாக்குதல், 458 விமானங்கள். அந்த இரவில் சில செய்தியாளர்களையும் விமானங்களில் ஏற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலிக்காரர் எட்வர்ட் மரோ ஒரு லங்காஸ்டர் விமானத்தில். அவுஸ்திரேலிய நிருபர் நோர்மன் ஸ்டொக்டன் இன்னொன்றில். அமெரிக்க நிருபர் லோவல் பென்னட் வேறொன்றில். பின்புரூக் தளத்திலிருந்து புறப்பட்ட 460ஆம் அவுஸ்திரேலியப் படைப்பிரிவின் ஒரு லங்காஸ்டரில் கப்டன் நூர்டால் கிரீக்.

அவர் ஏன் போனார்? யாரும் கட்டாயப்படுத்தவில்லை. குண்டுவீசும் விமானங்களில் போகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்றால், கூடப் போகாமல் எழுத முடியாது என்பது அவருடைய பழைய வழக்கம். ஹென்றிக் இப்சன் கப்பலில் ஏறிய அதே பையன்தான். அந்த இரவு கீழே பெர்லினில் எரிந்தவர்களைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பார் என்பதை நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். எட்வர்ட் மரோ அதை எழுதினார். மறுநாள் அவர் பேசிய வானொலி விவரணை, மேலே சாகிறவர்களையும் கீழே எரிகிறவர்களையும் ஒரே மூச்சில் சொன்னது. போர்க்கால வானொலியின் மிகச் சிறந்த ஒலிபரப்புகளில் அது ஒன்று. அதன் முடிவில், திரும்பி வராத தன் இரண்டு நண்பர்களின் பெயரை மரோ சொன்னார். ஸ்டொக்டன், பென்னட். பென்னட் வான்குடையில் குதித்துக் கைதியாக உயிரோடு இருந்தது பிறகுதான் தெரிந்தது. கிரீக்கின் பெயர் அந்த ஒலிபரப்பில் இல்லை. அவர் நோர்வே இராணுவத்தின் கப்டனாக ஏறியவர், நிருபர்களின் கணக்கில் வரவில்லை.

40 விமானங்கள் அன்று திரும்பவில்லை. கிரீக் இருந்த விமானம் பெர்லினுக்குத் தென்மேற்கே கிளைன்மக்னோவ் என்ற ஊரில், ஏரிக்கருகே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. இப்போது அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கிரீக்குக்கு 41 வயது. அவர் எழுதிய அந்த ஆறு ஆங்கிலக் கவிஞர்களைவிடச் சில வருடங்கள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்.

1945 மே மாதத்தில் நோர்வே விடுதலையானது. அந்த வருடமே கிரீக்கின் போர்க்காலக் கவிதைகள் ‘சுதந்திரம்’ என்ற பெயரில் நோர்வேயில் வந்தன. ஒளித்துக் கேட்டதை, கைப்பிரதியில் வாசித்ததை, இப்போது அச்சில் வாங்க மக்கள் கடைகளில் நின்றார்கள். வெளியிட்டது கில்டெண்டால். அண்ணன் ஹரால்ட் முகாமிலிருந்து மீண்டு தன் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். 1956இல் தம்பியைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இடையில் 1949இல் அவருடைய மேசைக்கு இன்னொரு கையெழுத்துப்பிரதி வந்தது. ஹிட்லர் இறந்தபோது இரங்கல் எழுதியவர், தேசத்துரோகத்துக்காக விசாரிக்கப்பட்டுத் தண்டம் விதிக்கப்பட்டவர், தொண்ணூறு வயதான க்நுட் ஹாம்சுன், தன் கடைசி நூலை முடித்திருந்தார். தம்பி இல்லாமல் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. ஹரால்ட் கிரீக் தயங்கினார். இழுத்தடித்தார். பிறகு அதையும் அச்சுக்குக் கொடுத்தார்.